தாய்வீடு இல்லாத பிரசவம்

"பெத்தவளுக்கு யாரும்மா பாடம் எடுத்தா?"

தத்தெடுக்கும் பெற்றோருக்கும் வளர்ப்புப் பெற்றோருக்கும் இலவசப் பயிற்சி வகுப்பு வேண்டும் என்று வாயைத் திறந்தாலே இந்தக் கேள்விதான் முதலில் வந்து விழுகிறது. என் பெரியம்மா கேட்டார். குழந்தை மருத்துவர் ஒருவர் கேட்டார். தத்துக்குப் பதிவு செய்த காலத்தில் ஓர் அலுவலர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே கேட்டார். இவர்களில் யாரும் கெட்டவர் இல்லை. "மனசுல பாசம் இருந்தா போதும், மிச்சம் தானா வரும்" என்பது அவர்கள் எங்களுக்குக் கொடுத்த ஆசி. அந்த ஆசியை நம்பித்தான் நானும் கணவரும் ஒடிசாவுக்கு ரயில் ஏறினோம். அது எங்கள் மகளுக்கு என்ன செய்தது என்று சொல்லிவிட்டு வாதத்துக்கு வருகிறேன்.

எங்களிடம் வந்தபோது அவளுக்கு நாலரை வயது. ஒடியா மட்டும் பேசுவாள். எங்களுக்கு ஒடியாவில் ஒரு சொல்கூடத் தெரியாது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவு, பதினோரு மணி இருக்கும், எழுந்து உட்கார்ந்து "போகொ, போகொ" என்று அழ ஆரம்பித்தாள். என் காதில் விழுந்தது "போக, போக". இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, போக வேண்டும் என்கிறாள் என்று நினைத்துவிட்டேன். தமிழே தெரியாத பிள்ளை தமிழில் எப்படிக் கேட்கும் என்பது அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் அவள் அழுகையை நிறுத்தினாள். கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டாள். விடியும்வரை வெளியே வரவில்லை. நான் தரையில் படுத்து, கட்டிலுக்கு அடியில் கையை நீட்டியபடி அழுதுகொண்டே கிடந்தேன்.

காலையில் எங்கள் தெருவில் கட்டட வேலை பார்க்கும் ஒடியாக்காரர் ஒருவரின் மனைவியைக் கூட்டிவந்தேன். பிள்ளை இன்னும் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். அந்தப் பெண் குனிந்து இரண்டு வார்த்தை பேசினார். பிறகு தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார்: "போகொன்னா பசி, அக்கா."

பசிக்கிறது என்று சொன்ன பிள்ளைக்குக் கதவைத் தாழிட்டிருக்கிறேன். அன்று இரவு எனக்குப் பாசம் குறைவாகவா இருந்தது? என் வாழ்நாளில் யார்மீதும் அவ்வளவு பாசம் வைத்ததில்லை. குறைவாக இருந்தது ஒடியாச் சொல் ஒன்று. பசி, தண்ணீர், வலி, பயம், தூக்கம், ஒன்றுக்கு, அம்மா எங்கே என்று இருபது சொற்களை ஒரு தாளில் எழுதி எங்கள் கையில் கொடுத்திருந்தால் அந்த இரவு நடந்திருக்காது. அந்தத் தாளைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரியவில்லை.

இனி அந்தக் கேள்வி. பெற்றவளுக்கு யார் பாடம் எடுத்தார்கள்? ஊரே எடுத்தது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ கைநிறைய வளையல் அடுக்கித் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்களே, அது எதற்காக? பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்ட அங்கே ஒரு பாட்டி இருக்கிறாள். தலை நிற்காத குழந்தையைத் தூக்குவது எப்படி, பால் குடித்தபின் தோளில் போட்டுத் தட்டுவது எப்படி, எந்த அழுகை பசி, எந்த அழுகை வயிற்றுவலி, எந்த அழுகை வெறும் தூக்கக் கலக்கம் என்று மூன்று மாதம், ஐந்து மாதம், ராப்பகலாக, கையைப் பிடித்துச் செய்யவைத்து, வேளா வேளைக்குச் சோறும் போட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அரசும் உடன் நிற்கிறது. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பத்தைப் பதிவு செய்து வீடு தேடி வருகிறார். அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்புக்குத் துணை நிற்கிறது. இதைவிடப் பெரிய இலவசப் பயிற்சிப் பட்டறையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாம் அதைப் பயிற்சி என்று சொல்வதில்லை. சீர் என்கிறோம், பத்தியம் என்கிறோம், பிள்ளைப்பேற்றுக்குப் போயிருக்கிறாள் என்கிறோம். பெயர் வேறாக இருப்பதால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று நம்பிவிட்டோம்.

எனக்கு வளைகாப்பு இல்லை. தாய்வீட்டுக்கு யாரும் அழைக்கவில்லை. அழைத்திருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்பது சந்தேகம். நாலரை வயதுப் பிள்ளை கையில் வந்த அன்று என் அம்மாவே திகைத்துப்போய் நின்றார். அவர் வளர்த்த நான்கு பேரும் பிறந்த நாளிலிருந்து அவர் கண்முன் வளர்ந்தவர்கள். நாலரை வருடம் வேறெங்கோ வளர்ந்துவிட்டு வரும் பிள்ளையை அவர் வளர்த்ததில்லை, அவருடைய அம்மாவும் வளர்த்ததில்லை. அந்த அறிவு எங்கள் குடும்பத்தின் சேமிப்பில் இல்லை. பெரும்பாலான குடும்பங்களில் இல்லை.

"பாசம் போதும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அது பொய்யாகப் பிறந்த வாசகம் இல்லை. ஒரு காலத்தில் பொருந்தியிருக்கிறது. அண்ணன் பிள்ளையைத் தம்பி சுவீகாரம் எடுப்பார், அக்காள் மகனைத் தங்கை எடுத்து வளர்ப்பாள். 1956-இன் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் வந்த பிறகும் நம் வீடுகளில் தத்து என்றால் பெரும்பாலும் இதுதான். பிள்ளைக்கு வீடு மாறியது. மொழி மாறவில்லை, குழம்பின் ருசி மாறவில்லை, தாலாட்டு மாறவில்லை. பெற்றவள் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். தீபாவளிக்கு வந்து போனாள். அந்த ஏற்பாட்டில் பாசம் போதுமாக இருந்தது, ஏனென்றால் பாசத்தைத் தவிர மற்ற எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தன.

இன்று நடப்பது வேறு. 2015-இன் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ், காரா என்று எல்லாரும் சொல்லும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையப் பதிவு வழியாக, ஒரு மாநிலத்துப் பிள்ளை இன்னொரு மாநிலத்துக்குப் போகிறது. ஒரு புகைப்படம், ஒரு மருத்துவ அறிக்கை, பிள்ளையைப் பற்றிய ஓர் அறிக்கை, முடிவைச் சொல்ல 48 மணி நேரம். 2024-25-இல் மட்டும் காரா வழியாக 4,515 பிள்ளைகள் வீடு மாறினார்கள். அத்தனை பேருக்கும் சித்தப்பா வீட்டுச் சுவீகாரத்தின் விதியைப் பொருத்துவது எப்படிச் சரியாகும்?

உடனே யசோதையைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். யசோதை கண்ணனை வளர்க்கவில்லையா என்று. வளர்த்தாள், ஆயர்பாடி முழுவதும் சேர்ந்து வளர்த்தது. அந்தக் கதையோடு கர்ணன் கதையையும் வைத்துப் பாருங்கள் என்பேன். ராதையின் பாசத்தில் என்ன குறை? ஆனால் தான் யார் என்பது போர் தொடங்கப்போகும் நேரத்தில்தான் அவனுக்குத் தெரியவருகிறது. அதுவும் எதிர்ப்பக்கத்து ஆட்கள் வந்து சொல்லித் தெரிகிறது. பிள்ளையிடம் உண்மையை எப்போது சொல்வது, யார் சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்பது தத்துக் குடும்பத்தின் முதல் பாடம். இந்தப் பாடம் கிடைக்காத வீடுகளில் கல்யாணப் பேச்சு நடக்கும்போதும் சொத்துப் பிரிக்கும்போதும் யாரோ ஒரு மாமா வாய் தவறிச் சொல்லி, முப்பது வயது ஆள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வதை நான் அறிவேன்.

நம் முன்னோர் இதைப் பற்றி யோசித்தவர்கள். சங்க அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவருக்கும் தனிப்பெயர், தனித்தனியே பேசும் உரிமை. அந்தச் செவிலி என்ற சொல்லைத்தான் நம் காலத்தில் படித்துப் பயின்று உயிர் காக்க வரும் நர்ஸுக்குச் சூட்டினோம். செவிலியர் பயிற்சிப் பள்ளி என்று பலகை வைக்கிறோம், யாருக்கும் உறுத்தவில்லை. பிள்ளை வளர்க்க வரும் செவிலிக்குப் பயிற்சி என்றால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

பாசம் போதும் என்பவர்கள் பிள்ளையை வெற்றுப் பலகையாக நினைக்கிறார்கள். நல்ல சோறும் நல்ல துணியும் முத்தமும் கொடுத்தால் பழையது அழிந்துவிடும் என்று நினைக்கிறார்கள். என் மகள் வந்த புதிதில் கீழே விழுந்தால் அழ மாட்டாள். முழங்கால் கிழிந்து ரத்தம் வரும், எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு போய்விடுவாள். "எவ்வளவு தைரியம்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. சிலிண்டர் போட வந்தவரின் விரலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். "யார்கிட்டயும் ஒட்டிக்கிறா, சமத்து" என்றார்கள். தலையணை உறைக்குள் இரண்டு இட்லி, மூன்று நாள் பழசு, பூசணம் பிடித்து நாறியது. "பட்டிக்காட்டு வழக்கம், சரியாப் போயிடும்" என்றார்கள்.

மூன்றும் ஒரே செய்தி என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அழுதால் யாராவது வருவார்கள் என்று கற்காத பிள்ளை அழுவதை நிறுத்திவிடுகிறது. யாராவது ஒருவர் தன்னுடையவர் என்று கற்காத பிள்ளை எல்லார் விரலையும் பிடிக்கிறது. அடுத்த வேளைச் சோறு வரும் என்று நம்பாத பிள்ளை ஒளித்துவைக்கிறது. நாங்கள் இட்லியைத் தூக்கிப் போட்டு உறையைத் துவைத்தோம், கொஞ்சம் கடிந்தும் பேசினோம். என்ன செய்திருக்க வேண்டும்? அவள் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு டப்பாவில் பொரியும் கடலையும் போட்டு, "இது உன்னுடையது, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்" என்று சொல்லி, அது காலியாகும்போதெல்லாம் நிரப்பியிருக்க வேண்டும். பின்னால் தெரிந்துகொண்டு அதைத்தான் செய்தோம். ஒளித்துவைப்பது நான்கு மாதத்தில் நின்றது. டப்பாவுக்கு ஆன செலவு நாற்பது ரூபாய். தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆனது பதினோரு மாதம்.

பாசத்தின் பக்கம் பேசுகிறவர்கள் சிலர் ருமேனியாவைக் காட்டுவார்கள். காட்டட்டும். 1989-இல் சௌஷெஸ்கு ஆட்சி விழுந்தபோது அந்த நாட்டின் அநாதை இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தார்கள். 2000-இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் வைத்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளிடம் அறிவு வளர்ச்சியும் ஒட்டுதலும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். "பார்த்தீர்களா, குடும்பம் கிடைத்தாலே போதும்" என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறார்கள். அந்தக் குடும்பங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள், மாதச் சம்பளம் கொடுத்தார்கள். சமூகப் பணியாளர்கள் விடாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த ஆய்வு நிரூபித்தது பாசத்தின் வெற்றியை மட்டும் இல்லை. தாங்கிப் பிடிக்க ஆள் இருந்த பாசத்தின் வெற்றியை. இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு மீட்சி மெதுவாகவே வந்தது என்ற முடிவும் நமக்குத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளையை, பத்து வயதுப் பிள்ளையை ஏற்கப் போகிறவர்களுக்கு ஆயத்தம் இன்னும் கூடுதலாக வேண்டும்.

"எங்களுக்கு ஏற்கெனவே ஒரு பிள்ளை இருக்கிறது, வளர்க்கத் தெரியும்" என்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு, கவலையும் உண்டு. சொந்தப் பிள்ளை சாப்பிட மறுத்தால் "பூச்சாண்டிகிட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்" என்கிறோம். சேட்டை செய்தால் "ஹாஸ்டல்ல விட்டுருவேன்" என்கிறோம். அந்தப் பிள்ளை சிரிக்கும், ஏனென்றால் அதை யாரும் எங்கும் விட்டதில்லை. ஒருமுறை விடப்பட்ட பிள்ளையிடம் அதே வாக்கியத்தைச் சொன்னால் அது மிரட்டலாகக் கேட்காது, அறிவிப்பாகக் கேட்கும். தனியறையில் பத்து நிமிடம் உட்காரவைப்பது மூத்தவனுக்குத் தண்டனை. இளையவளுக்கு அது பழைய இல்லத்தின் இருட்டு. வளர்த்த அனுபவம் இங்கே உதவியும் செய்யும், காலையும் வாரிவிடும். எங்கே வாரிவிடும் என்று முன்கூட்டியே சொல்ல ஒருவர் வேண்டும்.

திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். தத்துப் போன பிறகு இல்லங்களுக்கே திரும்ப வந்த பிள்ளைகள் ஐந்தாண்டுகளில் 1,100-க்கும் மேல் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது வெளிவந்தது. 2020 தொடக்கத்தில் நாளிதழ்களில் வந்த செய்தி. காரணமாகச் சொல்லப்பட்டது, ஒத்துப்போகவில்லை என்பது. நாலரை வயதில் "போகொ" என்று அழுத பிள்ளையை மூன்றாம் நாளே திருப்பி அனுப்பியிருந்தால் எங்கள் காகிதத்திலும் அந்தச் சொல்தான் இருந்திருக்கும். அந்தப் பெற்றோர்களைத் திட்டுவது எளிது. அவர்களும் காத்திருந்து, கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டு, புதுத் துணி வாங்கிக்கொண்டு போனவர்கள்தாம். பாசம் போதும் என்று சொல்லி அனுப்பிவைத்தோம். போதவில்லை என்று கண்டபோது அவர்களுக்கு இரண்டே முடிவுதான் மிஞ்சியது: ஒன்று, எனக்குப் பாசம் இல்லை. இல்லையென்றால், இந்தப் பிள்ளை பாசத்துக்குத் தகுதியில்லாதது. பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். "ரத்தம் பேசுது" என்று உறவுக்காரர்களும் கூடச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்தத் தவறும் செய்யாத ஓர் ஆறு வயதுப் பிள்ளை இரண்டாம் முறை பையைத் தூக்கிக்கொண்டு அதே வாசலில் நிற்கிறது. "பாசம் போதும்" என்ற வாசகத்தை நான் இவ்வளவு எதிர்ப்பதற்குக் காரணம் இதுதான். தோல்வி வரும்போது அது பழியைப் பிள்ளையின் தலையில் வைக்கிறது.

இன்னொரு கணக்கு என்னைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. என் மகள் இருந்ததுபோன்ற ஓர் இல்லத்திலிருந்து ஒரு பிள்ளை அமெரிக்காவுக்குத் தத்துப் போனால், அங்குள்ள மத்திய அரசு விதிப்படி அந்தப் பெற்றோர் பிள்ளையை ஏற்கும் முன் குறைந்தது பத்து மணி நேரப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். பிரிவு ஒரு பிள்ளையை என்ன செய்யும், இல்லத்தில் வளர்ந்ததன் விளைவு என்ன, அந்தப் பிள்ளையின் நாடும் பண்பாடும் எப்படிப்பட்டவை என்பதெல்லாம் அதில் உண்டு. நம் 2022 தத்தெடுப்பு விதிகளிலும் ஆலோசனை என்ற சொல் இருக்கிறது. எல்லாக் கட்டத்திலும் ஆலோசனையை வலுப்படுத்துங்கள் என்று 2025 ஜூலையில் காரா மாநிலங்களுக்கு எழுதியது. மனமார வரவேற்கிறேன். ஆனால் எங்களுக்குக் கிடைத்த ஆலோசனை, ஊற்றிய டீ ஆறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. "பொறுமையா இருங்க" என்றார்கள். ஒடிசாவின் அதே கூடத்தில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் கடல் தாண்டிப் போகிறவளுக்குப் பத்து மணி நேரம், ரயிலில் தமிழ்நாட்டுக்கு வருகிறவளுக்கு ஒரு டீ. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

பயிற்சி என்றால் எங்களைச் சந்தேகப்படுவதாக ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தத்துக்கு முன் நடக்கும் ஹோம் ஸ்டடியில் எங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்தார்கள். கல்யாணச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், கழிவறை, கிணற்று மூடி எல்லாம் பார்த்தார்கள். பிள்ளையின் பாதுகாப்புக்காகப் பார்க்கத்தான் வேண்டும், மனத்தாங்கல் இல்லை. ஆனால் அதுதான் சந்தேகம். உனக்குத் தகுதி உண்டா என்று கேட்பது சந்தேகம். உனக்குத் தகுதி உண்டு என்று முடிவு செய்தபின், வா, தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன் என்று பக்கத்தில் உட்காருவது நம்பிக்கை. நாம் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை அவமானம் என்கிறோம்.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு. நாம் நடத்தும் பயிற்சிகளின் லட்சணம் தெரியாதா, இன்னொரு சடங்கு சேரும், பிள்ளைகள் இல்லத்தில் கிடக்கும் நாள்தான் கூடும் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. நானே உட்கார்ந்திருக்கிறேன். பெரிய ஹால், மைக், மேடையில் ஆறு பேருக்குப் பொன்னாடை, தாய்மையின் மகத்துவம் பற்றி ஒன்றரை மணி நேரப் பேச்சு, கையெழுத்து, குரூப் போட்டோ, புளியோதரைப் பொட்டலம். அப்படிப்பட்டதை நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பது மேல். இரண்டாம் பாதி தவறு. சிறு குழந்தைக்காகப் பதிவு செய்தவர்கள் மூன்று ஆண்டுக்கும் மேல் காத்திருக்கிறார்கள். அந்தக் காலம் முழுக்க வரிசை எண்ணைப் பார்ப்பதைத் தவிர அவர்களுக்கு வேலையில்லை. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமையை அதிலிருந்து எடுத்தால் ஒரு பிள்ளையும் ஒரு நாள்கூடத் தாமதமாக வீடு வந்து சேராது.

நல்ல பயிற்சி எப்படி இருக்கும் என்றும் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஒரு வீட்டு மாடி. பதினான்கு பேர். நடத்திய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், தத்துப் பிள்ளையாக வளர்ந்தவர். ஆளுக்கு ஐந்து துண்டுத் தாள் கொடுத்து, இது இல்லாமல் நான் நானில்லை என்று நினைக்கும் ஐந்தை எழுதச் சொன்னார். என் கணவர் எழுதியது: அம்மா, மகள், தமிழ், என் பெயர், காவிரிக்கரை. பிறகு, இரண்டைக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டு வாங்கினார். என் கணவர் ஆற்றங்கரையைக் கொடுத்தார், வெகுநேரம் யோசித்துத் தமிழைக் கொடுத்தார். கொஞ்சம் பொறுத்து அந்தப் பெண் மறுபடியும் வந்து, கேட்காமலே அவர் கையிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டார். அவருடைய பெயர் எழுதிய தாள். "ஏன் எடுத்தீங்க? நான் குடுக்கலையே" என்றார் என் கணவர். குரல் உடைந்துவிட்டது. அந்தப் பெண் சொன்னார்: "அவகிட்டயும் யாரும் கேக்கலை சார்."

வந்த முதல் வாரமே எங்கள் மகளின் பெயரை மாற்றியிருந்தோம். ஆசையாக, அழகான தமிழ்ப் பெயராகத் தேடி வைத்தோம். பயிற்சி நடந்த அன்று இரவு என் கணவர் அவளுடைய பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தவள் கையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். எங்களை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அப்போது அவள் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது இரண்டு பெயரும் அவளுக்கு உண்டு. இந்தப் பாடத்தை அவள் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு கற்றிருக்க எங்களுக்கு என்ன தடை இருந்தது?

இலவசமாக ஏன் தர வேண்டும், தத்தெடுப்பவர்கள் வசதியானவர்கள்தானே என்பதற்கு ஒரே பதில், வளர்ப்புப் பெற்றோரைப் பாருங்கள் என்பது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அவர்களுக்குக் கிடைப்பது ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். 2024-இல் திருத்திய வழிகாட்டுதல் தனியாக வாழ்பவர்களுக்கும் வளர்ப்புப் பெற்றோராக வழி திறந்தது. இரண்டு ஆண்டு வளர்த்தால் அதே பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்றது. நல்ல மாற்றம். ஆனால் அங்கே போவது பெரும்பாலும் ஆறு வயதைக் கடந்த, நிறையப் பார்த்துவிட்ட பிள்ளைகள். கடினமான பிள்ளையைக் குறைந்த பணத்தில் ஏற்கிறவர்களிடம் வகுப்புக்குக் கட்டணம் கேட்பதா? கட்டணம் இல்லை என்றால் மட்டும்கூடப் போதாது. எங்களைப் போன்ற குடும்பங்கள் கூடும் குழுவுக்கு வரும் ஒரு பாட்டி பூக்கட்டி விற்பவர், இறந்துபோன மகளின் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். ஒரு சனிக்கிழமை வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. பஸ் கட்டணமும், அன்றைய கூலியும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் ஓர் ஆளும் சேர்ந்தால்தான் அவருக்கு அது இலவசம். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. அங்கன்வாடிக் கட்டடம் சனிக்கிழமை மாலை பூட்டிக் கிடக்கிறது. வளர்ந்த தத்துப் பிள்ளைகளும் பழைய பெற்றோரும் கூப்பிட்டால் வந்து பேசக் காத்திருக்கிறார்கள். புதிதாகக் கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது ஓர் அரசாணை.

அது வரும்வரை நாங்கள் ஆறேழு குடும்பங்கள் ஒரு மொட்டைமாடியில் கூடுகிறோம். போன மாதம் ஒரு தம்பதி வந்திருந்தார்கள், ஐந்து வயதுப் பையனைக் கூட்டிவர மேற்கு ஒடிசாவுக்குக் கிளம்பும் வாரம். இருபது சொல் தாளைக் கொடுத்தோம். போகொ என்ற சொல்லை என் மகளே வாய்விட்டுச் சொல்லிக்காட்டினாள். கூட வந்திருந்த மாமியார் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, வேண்டாவெறுப்பாக வந்தவர்போல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். திடீரென்று கேட்டார்: "அந்தப் புள்ள அங்க என்ன சோறு சாப்பிடும்?" எங்களில் யாருக்கும் தெரியவில்லை. பையனின் அறிக்கையில் எடை இருந்தது, தடுப்பூசி இருந்தது, சோறு இல்லை. அங்கேயே அந்த இல்லத்துக்கு போன் போட்டு, சமைக்கும் அம்மாவைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டோம். பகாளா என்றார். மகளைப் பார்த்தேன். "ராத்திரிச் சோத்துல தண்ணி ஊத்தி வெச்சு, காலைல உப்பு போட்டு" என்றாள் அவள்.

"அட, நம்ம பழையது" என்றார் அந்த அம்மா. மருமகள் பக்கம் திரும்பி, புழுங்கலரிசி வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.